கட்ட முடியாத பூ

எங்கள் வீடு மேற்குப் பார்த்தது. திருச்சியில் மேற்குப் பார்த்த வீடு என்றால் எப்படி இருக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை, வைகாசியில் பகல் இரண்டு மணிக்கு மேல் வாசல் கிரில்லில் கை வைக்க முடியாது. முன் அறைச் சுவர் ராத்திரி பத்து மணி வரைக்கும் சூடு தணியாமல் தோசைக்கல் மாதிரி கொதித்துக்கொண்டிருக்கும். கீற்றுப் பந்தல் போட்டால் ஆடி மாதம் வரைகூட நிற்பதில்லை. பச்சை நெட் கட்டினோம். இரண்டு வருஷத்தில் நார் நாராக உதிர்ந்தது. அப்போதுதான் ஒரு கொடி ஏற்றினால் என்ன என்று தோன்றியது.

"கொடின்னா முல்லை வை. சாயங்காலம் ரெண்டு முழமாவது கட்டலாம்" என்றார் அத்தை. அத்தை என்றால் என் மாமியார். எழுபத்தெட்டு வயது. ஒரு பூவுக்கு அவர் மதிப்புப் போடும் முறை மிகவும் எளிமையானது: கட்ட முடியுமா, சாமிக்குப் போட முடியுமா, தலையில் வைக்க முடியுமா. மூன்றுக்கும் இல்லை என்றால் அது பூ கணக்கிலேயே சேராது.

முல்லைக்கும் எனக்கும் ஏற்கெனவே ஒரு கசப்பான கதை உண்டு. பழைய வாடகை வீட்டில் வைத்திருந்தேன். இலையெல்லாம் வெல்வெட் துணி ஒட்டினதுபோல் வெள்ளையாகத் தடித்துப்போய், கொடியே சுருண்டுவிட்டது. அது சிலந்திப்பேன் செய்யும் வேலை என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அதோடு, முல்லை சுவரை மூடுகிற அளவுக்கு அடர்ந்து வளர நிறையப் பொறுமை வேண்டும். எனக்கு அவசரம். அடுத்த கோடைக்குள் நிழல் வேண்டும்.

எங்கள் தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு குட்டியானை வண்டி நிறையச் செடி வரும். ரோஜா, குரோட்டன்ஸ், கறிவேப்பிலை, எலுமிச்சை, எல்லாம் இருக்கும். அதில் ஓரமாகக் கறுப்புக் கவரில் ஒன்று நின்றிருந்தது. நான்கைந்து இலை, ஒரு குச்சி. "ரங்கூன் மல்லிக்கா. வெச்சுட்டு மறந்துடுங்க, அதுவா வரும்" என்றார் வண்டிக்காரர். எண்பது ரூபாய். வெச்சுட்டு மறந்துடுங்க என்பது எவ்வளவு மோசமான யோசனை என்பது பிறகு தெரிந்தது. அதற்கு வருகிறேன்.

பெயரைக் கேட்டதும் அத்தை சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய அப்பா ரங்கூனில் ஒரு கடையில் கணக்கு எழுதியவர். 1942-ல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது கப்பல் கிடைக்காமல், கூட்டத்தோடு கூட்டமாகக் காடு மலையெல்லாம் நடந்து அஸ்ஸாம் பக்கமாக வந்து சேர்ந்தவர். "எங்கப்பா அங்கேர்ந்து ஒரு தேக்குப் பெட்டிகூடக் கொண்டு வரலை. இந்தக் கொடி மட்டும் எப்படி வந்துச்சாம்?" என்று கேட்டார். கொடி நடந்து வரவில்லை அத்தை, இது பர்மாவிலும் இருக்கிறது, மலேயா, இந்தோனேசியா பக்கமும் இருக்கிறது, நம் ஊரில் எப்படியோ ரங்கூன் பேர் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று எனக்குத் தெரிந்த வரையில் சொன்னேன். அவர் சமாதானமாகவில்லை. ஆனால் முல்லை வை என்று சொல்வதை அன்றோடு நிறுத்திக்கொண்டார்.

கேட்டுக்கு இடது பக்கம், காம்பவுண்டுச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி, ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி. எங்கள் மனையில் மேலே கட்டடக் கழிவுதான் கிடக்கும், அதனால் செங்கல் துண்டு, சிமென்ட் கட்டியெல்லாம் பொறுக்கி எடுக்கவே அரை நாள் ஆனது. வெளியே வாங்கிய செம்மண் இரண்டு பங்கு, மக்கிய சாண எரு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, இரண்டு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. இவ்வளவுதான். இந்தக் கொடிக்கு மண்ணைப் பற்றிப் பெரிய கவலை கிடையாது. தண்ணீர் தேங்கக் கூடாது, வெயில் வேண்டும். வெயில்தான் முக்கியம். ஐந்தாறு மணி நேரமாவது நேர் வெயில் விழாத இடத்தில் வைத்தால் இலையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். என் வாசலில் கிடைக்காத பொருள் ஆயிரம் உண்டு, வெயில் அதில் சேராது.

ஆடி முடிந்து வைத்தேன். ஐந்து மாதம் ஒன்றும் நடக்கவில்லை. நடக்கவில்லை என்றால் சாகவும் இல்லை, ஏறவும் இல்லை. மூன்றடி உயரத்துக்கு ஒரு புதர் மாதிரி நின்றது. கொடிக்கான எந்த லட்சணமும் இல்லை. வண்டிக்காரர் வேறு எதையோ தலையில் கட்டிவிட்டார் என்று முடிவு செய்து, ஞாயிற்றுக்கிழமை வரட்டும், கேட்டுவிடலாம் என்று காத்திருந்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "அது அப்படித்தான்கா, இருங்க" என்றார்.

தை மாதம் ஒருநாள் அடியிலிருந்து ஒரு கிளை கிளம்பியது. பென்சில் கனம். மற்ற கிளைகளைப் போல அது பக்கவாட்டில் போகவில்லை. நேராக மேலே போய், காற்றில் ஆடி, கையில் கிடைத்த கிரில்லைப் பிடித்துக்கொண்டது. பத்து நாளில் என் உயரத்தைத் தாண்டியது. அப்புறம் அடுத்தது, அதற்கடுத்தது.

இந்த இரட்டை வேஷத்தைப் பார்த்துக் குழம்பியது நான் மட்டும் இல்லை. சுமார் முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இந்தோனேசியாவில் அம்போன் தீவில் ரம்ஃபியஸ் என்று ஒருவர் இருந்தார். டச்சுக் கம்பெனியில் வேலை. தீவின் செடிகொடிகளையெல்லாம் எழுதிவைத்தவர். 1670-ல் பார்வை போன பிறகும் மற்றவர்களை வைத்து எழுதி முடித்தார். புத்தகம் அச்சில் வந்தது அவர் இறந்து பல வருஷம் கழித்து. அவர் இந்தக் கொடிக்கு வைத்த பெயர் குவிஸ்குவாலிஸ். லத்தீனில் குவிஸ் என்றால் யார், குவாலிஸ் என்றால் எப்படிப்பட்டது. மலாய்க்காரர்கள் இதை உடானி என்பார்கள். அது டச்சு மொழியில் 'எப்படி?' என்ற பொருளில் வரும் ஹூடானிஹ் என்ற சொல் மாதிரி காதில் விழ, அதையே லத்தீனில் மாற்றி வேடிக்கையாக வைத்தார் என்று சொல்கிறார்கள். முதலில் புதராக நின்று பிறகு கொடியாக மாறும் செடிக்கு அது ரொம்பப் பொருத்தமாகவும் அமைந்துவிட்டது. செடிகளுக்கு லத்தீன் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸும் அதே பெயரை எடுத்துக்கொண்டார். இப்போது தாவரவியல்காரர்கள் கோம்பிரீட்டம் இண்டிகம் என்று மாற்றிவிட்டார்கள். எனக்குப் பழைய பெயர்தான் பிடித்திருக்கிறது. ஐந்து மாதம் அந்தக் குச்சியின் முன்னால் நின்று நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கொடி ஏறியது, பூக்கவில்லை. இது முழுக்க என் தப்பு. லாரி ஷெட்டில் கணக்கு எழுதுகிற வேலை எனக்கு. அங்கே ஒருவர் கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்து ஊற்றினால் பூவாகக் கொட்டும் என்று சொன்னார். வாரம் ஒரு வாளி ஊற்றினேன். கடையில் வாங்கிய யூரியாவும் ஒரு கைப்பிடி. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலத்துக்கு, கரும்பச்சையாக, எண்ணெய் தடவியதுபோல் மின்னியது. பூ ஒன்றுகூட இல்லை. தழைச்சத்து அதிகமானால் செடி தழைக்கத்தான் செய்யும், அந்தச் சொல்லிலேயே விஷயம் இருக்கிறது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, தண்ணீரையும் குறைத்தேன். பங்குனி கடைசியில் நுனியில் கொத்துக் கொத்தாகப் பச்சை மொட்டு தொங்கியது.

முதல் கொத்து மலர ஆரம்பித்த மூன்றாம் நாள் எதிர்வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "மூணு கலர் ஒட்டுப்போட்ட செடியா?" என்று கேட்டார். கேட்கத்தான் தோன்றும். ஒரே கொத்தில் வெள்ளை, ரோஸ், சிவப்பு. அத்தையோ, "வேற வேற பூவா வருது பாரு" என்றார். ஒரே பூதான் நிறம் மாறுகிறது என்று நான் சொன்னதை இரண்டு பேருமே நம்பவில்லை. சரி, நிரூபித்துவிடலாம் என்று ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் மலரப்போகும் ஆறு மொட்டுகளின் காம்பில் கறுப்புத் தையல் நூலைக் கட்டினேன். அத்தையை நாற்காலி போட்டு உட்காரவைத்தேன்.

பொழுது சாய்ந்து விளக்கு வைக்கிற நேரத்தில் ஆறும் ஒவ்வொன்றாக விரிந்தன. சுத்த வெள்ளை. ஐந்து இதழ், ஒரு குழல். குழல் மட்டும் இரண்டரை அங்குலம் இருக்கும். அந்த நேரத்தில் பூ தலை தொங்கவில்லை, பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நின்றது. இருட்ட இருட்ட வாசனை. மல்லிகையின் கனம் அதில் இல்லை. பழுத்த பழமும் தேனும் கலந்த மாதிரி, கொஞ்சம் தூரத்தில் நின்றால்தான் நன்றாகத் தெரிகிற வாசனை. ஏழரை மணிக்கு ஒரு பெரிய அந்துப்பூச்சி வந்தது. உட்காரவே இல்லை. ஹெலிகாப்டர் மாதிரி காற்றில் ஒரே இடத்தில் நின்றுகொண்டு, சுருட்டிவைத்திருந்த நீள உறிஞ்சுகுழலை நீட்டி அந்தக் குழலுக்குள் விட்டது. ஒரு பூவுக்கு இரண்டு விநாடிகூட இல்லை, அடுத்தது. "ஐயோ, வௌவால் குஞ்சா?" என்று அத்தை முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

செவ்வாய் காலையில் நூல் கட்டிய ஆறும் இளம் ரோஸ். சாயங்காலம் நல்ல ரோஸ், தலையும் தொங்க ஆரம்பித்திருந்தது. புதன்கிழமை ரத்தச் சிவப்பு, முழுக்கத் தொங்கல். வெள்ளிக்கிழமை ஒன்று தரையில், கறுப்பு நூலோடு.

காரணத்தைத் தேடிப் படித்தேன். ராத்திரி வரும் அந்துப்பூச்சிக்கு இருட்டில் வெள்ளைதான் கண்ணில் படும், நீட்டிக்கொண்டு நிற்கும் குழல்தான் வசதி. அது வந்துபோன பிறகும் பூ உதிராமல், நிறத்தை மாற்றிக்கொண்டு பகலில் வருகிற தேனீ, வண்ணத்துப்பூச்சி, தேன்சிட்டுகளைக் கூப்பிடுகிறது. ராத்திரி ஷிப்டும் பகல் ஷிப்டும் ஒரே கடையில். எங்கள் கொடிக்குக் காலை ஏழு மணிக்கு ஊதாத் தேன்சிட்டு ஜோடி தவறாமல் வரும். ஆண் பறவை வெயிலில் திரும்பும்போதுதான் அதன் ஊதா தெரியும், இல்லாவிட்டால் கறுப்புத்தான். அப்புறம் கருவண்டு. அது நேர்வழிக்காரன் இல்லை. வாய் வழியாக எட்டாது என்று தெரிந்து குழலின் அடியில் ஓட்டை போட்டுத் தேனைத் திருடிக்கொண்டு போகிறது. அந்த ஓட்டைகளை நானே உதிர்ந்த பூக்களில் எண்ணியிருக்கிறேன். தெருப் பிள்ளைகளும் இதே கட்சிதான். பூவைப் பறித்து அடிப்பக்கத்தைக் கிள்ளி உறிஞ்சுகிறார்கள். நானும் ஒன்று உறிஞ்சிப் பார்த்தேன். ஒரு துளி இனிப்பு, அவ்வளவுதான். விதை மட்டும் வாயில் போகக் கூடாது. சீன வைத்தியத்தில் குடல்புழுவுக்குக் கொடுப்பதுதான் அது, ஆனால் அதில் இருக்கிற குவிஸ்குவாலிக் அமிலம் நரம்பைத் தாக்கக்கூடியது. என் கொடியில் இதுவரை காய் பிடித்ததே இல்லை, அதனால் அந்தப் பயமும் இல்லை.

இனி அந்த 'வெச்சுட்டு மறந்துடுங்க' விஷயம்.

இரண்டாவது வருஷம் நான் உண்மையிலேயே மறந்துவிட்டேன். நிழல் வந்துவிட்டது, முன் அறை குளிர்ந்துவிட்டது, பூவும் பூக்கிறது, வேறென்ன வேண்டும்? கத்தரி எடுத்தால் பாவம் என்ற எண்ணம் வேறு. பூத்த கொடியை வெட்ட யாருக்கு மனசு வரும்? அது கிரில்லைத் தாண்டி, சன்ஷேடைத் தாண்டி, மொட்டைமாடிக் கைப்பிடியைப் பிடித்து, அங்கிருந்து கேபிள் ஒயர் வழியாக எதிர்வீட்டுப் பக்கம் கிளம்பியது. கீழே மொட்டைத் தண்டு, காய்ந்த குச்சி, மாவுப்பூச்சி, அதற்குப் பின்னால் எறும்பு. பூவெல்லாம் மாடிக்கு மேலே. தெருவில் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்து ரசித்தார்கள். எங்களுக்கு உதிர்ந்த பூவைப் பெருக்குகிற வேலை மட்டும். மாவுப்பூச்சிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து வாரம் ஒரு தடவை அடித்தேன். கைக்கு எட்டிய வரைதான் அடிக்க முடிந்தது, பூச்சி எட்டாத உயரத்தில் குடும்பம் நடத்தியது.

அந்த வருஷம் ஆடிக் காற்று வந்தது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று திருச்சியில் புழுதியை வாரிக் கண்ணில் அடிக்கிற மாதம் அது. நாங்கள் நட்டிருந்தது சவுக்குக் கம்பு. ராத்திரி இரண்டு மணிக்கு மடமடவென்று ஒரு சத்தம். விடிந்து பார்த்தால் கம்பு இரண்டும் அடியோடு முறிந்து, கொடி மொத்தமும் என் வீட்டுக்காரருடைய பைக் மேல் படுத்திருக்கிறது. ஒரு கிளை மட்டும் மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயரைக் கெட்டியாகப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளையும் சிவப்புமாகப் பூவோடுதான்.

லைன்மேன் வந்து பார்த்தார். "ஏம்மா, இது பூச்செடியா, புளியமரமா? மழை நாள்ல ஒயர்ல பட்டா என்ன ஆவும் தெரியுமா?" என்று ஒரு பிடி பிடித்தார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. மின்சாரத்தை நிறுத்தி, அந்தக் கிளையை இறக்கிக்கொடுத்துவிட்டுப் போனார்.

மிச்சத்தை நானும் வீட்டுக்காரருமாக வெட்டினோம். அன்றுதான் இந்தக் கொடி எப்படி ஏறுகிறது என்பதைப் பார்த்தேன். பாகல், கோவை மாதிரி இதற்குச் சுருள் கம்பி கிடையாது. இலை உதிரும்போது காம்பின் அடிப்பாகம் மட்டும் தண்டிலேயே தங்கிவிடுகிறது. அது நாளாவட்டத்தில் காய்ந்து, வளைந்து, முள்ளாக இறுகிவிடுகிறது. உதிர்ந்த இலையின் மிச்சத்தையே கொக்கியாக்கி அதில் தொங்கிக்கொண்டு மேலே போகிறது. இதை நான் ரசித்தபோது முழங்கை வரை ரத்தக்கோடு. அவர் ரசிக்கவில்லை. "அடியோட எடுத்துடு" என்றார். மூன்றடி விட்டு மீதியை வெட்டினேன். மூன்று மாட்டுவண்டிச் சுமை என்று சொன்னால் மிகை, ஆனால் குப்பை வண்டிக்காரர்கள் மூன்று நாள் எடுத்தார்கள்.

செத்துவிடும் என்றுதான் நினைத்தேன். மூன்றாவது வாரம் வெட்டிய இடத்துக்குக் கீழே ஒவ்வொரு கணுவிலும் சிவந்த துளிர். புரட்டாசியில் கைக்கு எட்டுகிற உயரத்தில், அதுவரை பார்த்தே இராத அளவுக்குக் கொத்து. எனக்கு எரிச்சலாகவே இருந்தது. இரண்டு வருஷமாக இதைத்தான் நான் செய்யாமல் இருந்திருக்கிறேன். இந்தக் கொடி புதுக் கிளையின் நுனியில்தான் பூக்கும். பழைய தண்டுக்கு அது திரும்பி வருவதில்லை. வெட்டாவிட்டால் நுனி மேலே மேலே போகும், பூவும் அதோடு போகும். வெட்டினால் ஒரு நுனிக்கு நான்கு நுனி.

இப்போது என் முறை இதுதான். தை கடைசியில், பனி குறையும்போது, பெரிய வெட்டு. கனத்த தண்டு நான்கைந்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதெல்லாம் போகும். அதோடு ஒரு கூடை எரு. புதுக் கிளை ஒரு முழம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுவேன், அது பக்கம் பிரியும். பூத்து முடிந்த கொத்தை அவ்வப்போது கத்தரிப்பேன். ஆனி பிறந்ததும் ஆடிக் காற்றுக்கு முன்னால் ஒரு சின்ன வெட்டு, பாரம் குறைப்பதற்காக. சவுக்குக்குப் பதில் இரண்டு அங்குல ஜி.ஐ. குழாய், கான்கிரீட்டில் நட்டது. செலவு நான்காயிரத்துச் சொச்சம். எண்பது ரூபாய்ச் செடிக்கு நான்காயிரம் ரூபாய்ப் பந்தல் என்று வீட்டில் இன்றைக்கும் சொல்லிக்காட்டல் உண்டு. மே மாதம் அந்தப் பந்தலடியில் ஈஸிசேரைப் போட்டுப் படுப்பது யார் என்று நான் திருப்பிக் கேட்பதுண்டு.

வெட்டிய குச்சியை நட்டால் எனக்குப் பாதிக்கு மேல் பிடிப்பதில்லை. பதியன்தான் நம்பிக்கையானது. தரையோரம் தாழ்ந்த கிளையில் ஒரு கணுவுக்குக் கீழே தோலை லேசாகச் சீவி, மண் நிரப்பிய தொட்டியில் அந்தக் கணுவைப் புதைத்து, மேலே அரைச் செங்கல் வைத்துவிடுவேன். ஒன்றரை இரண்டு மாதத்தில் வேர் விட்டிருக்கும். அப்படிப் போட்டதில் ஒன்று எதிர்வீட்டு அக்காவுக்குப் போனது. ஒன்றைக் கேட்டு வாங்கிப்போனவர் அந்த லைன்மேன். ஒயர் இல்லாத பக்கமா வைங்க என்று நான் சொன்னதற்கு அவர் சிரிக்கவில்லை.

அத்தை விஷயம்தான் பாக்கி. போன வைகாசியில் ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது திண்ணையில் உட்கார்ந்து உதிர்ந்த பூக்களை மடியில் பொறுக்கி வைத்திருந்தார். மரமல்லிப் பூவை நூல் இல்லாமலே பின்னுவார்களே, அந்த மாதிரி நீளக் குழல்களை ஒன்றோடொன்று மடித்து மடித்துப் பின்னிக்கொண்டிருந்தார். ஒரு முழத்துக்கு மேல் வந்திருந்தது. உதிர்ந்த பூவைச் சாமிக்குப் போடலாமா என்று கேட்டேன். "பவளமல்லி மட்டும் என்ன, பறிச்சா போடுறோம்?" என்றார். நடு அறையில் அவர் அப்பா படத்துக்குத்தான் அது போனது. ராத்திரிக்குள் துவண்டுவிட்டது. மறுநாளும் பின்னினார்.

இந்தத் தை வெட்டு முடிந்து பதினெட்டு நாள் ஆகிறது. பந்தல் மொட்டையாக, வெயில் நேராக வாசலில் விழுகிறது. காலையில் காப்பியோடு போய் அத்தை துளிர் எண்ணுகிறார். நேற்று இருபத்து மூன்று என்றார். இன்று வேறு ஒன்றையும் கண்டுபிடித்துச் சொன்னார். கொடியின் வேரிலிருந்து ஒரு பக்கக் கன்று மண்ணுக்கடியில் ஆறடி நகர்ந்துபோய், செப்டிக் டேங்க் மூடிக்கும் சிமென்ட் தரைக்கும் இடையில் இருக்கும் வெடிப்பில் தலையை நீட்டியிருக்கிறதாம். வீட்டுக்காரருக்கு இன்னும் தெரியாது. நாளைக்கு அவர் வேலைக்குக் கிளம்பியதும் கடப்பாரையை எடுக்க வேண்டும்.